4. உளியை எடுக்கும் முன் எதிர்வீட்டில் கேளுங்கள்

பாளையங்கோட்டையில் இந்த வீட்டை நாங்கள் வாங்கியபோது, கட்டி 31 வருஷம் ஆகியிருந்தது. விற்றவர் சாவிக்கொத்தையும் பத்திரத்தையும் கையில் கொடுத்தார். வரைபடம் கிடையாது. எந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, செப்டிக் டேங்க் மூடி எங்கே மண்ணுக்குள் கிடக்கிறது, மாடிப்படிக்கு அடியிலுள்ள சுவர் ஏன் பொரிந்து நிற்கிறது, எதுவும் எங்கேயும் எழுதியில்லை. அதெல்லாம் எதிர்வீட்டு ஆச்சியிடமும் இரண்டு வீடு தள்ளியிருக்கும் மேஸ்திரி தாத்தாவிடமும் இருக்கிறது என்று தெரிய எனக்கு மூன்று மழைக்காலம் ஆயிற்று. அதற்குள் கையிலிருந்ததில் பாதியை மொட்டை மாடியில் கொட்டியிருந்தேன்.

முதல் வருஷம் ஐப்பசியில், பின்னறையில் ஃபேன் மாட்டியிருந்த கொக்கியிலிருந்து சொட்டத் தொடங்கியது. மேலே ஏறிப் பார்த்தால், கொக்கிக்கு நேர் மேலே தலைமுடி கனத்தில் ஒரு கீறல். இதுதான் என்றேன். வந்த கொத்தனாரும் இதுதான் என்றார். சிமெண்ட் பால் கரைத்து ஊற்றினோம். அடுத்த மழைக்குச் சொட்டவில்லை. அதற்கடுத்த மழைக்கு அதே கொக்கி, கீழே அதே வாளி. இரண்டாம் வருஷம் மாடி முழுக்க வெள்ளைப் பூச்சு அடித்தோம். மூன்றாம் வருஷம் பூச்சு பாம்புச் சட்டை மாதிரி உரிந்ததே தவிர, சொட்டு நிற்கவில்லை.

மேஸ்திரி தாத்தா வந்தபோது ஃபேன் கொக்கியைப் பார்க்கவே இல்லை. நேரே மாடிக்குப் போய், ஒரு செம்பு தண்ணீர் கேட்டார். தரையில் ஊற்றிவிட்டு அது போகிற போக்கிலேயே நடந்தார். கீறலைத் தாண்டி, பத்தடி தள்ளி, மழைத்தண்ணீர் இறங்கும் மூலைக்குப் போய்க் குந்தினார்.

“சொட்டுத எடத்த பாத்துட்டீய தம்பி. நொழையுத எடத்த பாக்கலியே. இந்தக் கொழாய நான் வைக்கல. நாங்க வச்சது இரும்புக் கொழாய். யாரோ பின்னால மாத்தியிருக்காவ.”

எங்கள் வீட்டுக்குக் காங்கிரீட் போட்ட அன்றைக்கு அவர்தான் மேஸ்திரி. எனக்கு அதுவரை தெரியாது. மூன்று வருஷமாக அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் தினமும் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டு யாரோ பி.வி.சி. குழாய் செருகி, சுற்றிலும் சிமெண்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். வழவழப்பான பி.வி.சி.யைச் சிமெண்ட் பிடிக்காது. வெயிலில் குழாய் நீளும், சுருங்கும்; சுற்றிலும் நூலிழை இடைவெளி விழுந்துவிடும். அதன் வழியே இறங்கிய தண்ணீர், மேலே பதித்த தட்டோட்டுக்கும் கீழே உள்ள காங்கிரீட்டுக்கும் நடுவில் பரவி, கரண்ட் வயருக்காகத் தளத்துக்குள் புதைத்த குழாயைக் கண்டுபிடித்து, அந்தக் குழாயிலேயே பயணம் செய்து ஃபேன் கொக்கிப் பெட்டிக்கு வந்து சொட்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஃபேன், லைட் இருக்கும் இடத்தில்தான் முதலில் சொட்டுகிறதென்றால், கோளாறு அதற்கு நேர் மேலே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு உடைக்கத் தொடங்கிவிடாதீர்கள். அந்த அறைக்கான எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, நன்றாக உலர்ந்த பிறகு எலக்ட்ரீஷியன் பார்த்தபின் போடுங்கள். ஈரமான கொக்கியில் ஃபேன் சுற்றுவதை வேடிக்கை பார்க்கக் கூடாது.

நுழையும் இடத்தைக் கண்டுபிடிப்பது

தாத்தா சொல்லிக்கொடுத்த முறை இது. ஒரு ரூபாய் செலவில்லை, பொறுமைதான் வேண்டும். நாலைந்து நாள் மழையில்லாமல் மாடி காய்ந்திருக்கும்போது தொடங்குங்கள். முதலில் கீழே அறைக்குள் போய், ஈரக்கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் “போன வாரம் இவ்வளவு பெரிசா இல்ல” என்று சத்தியம் செய்வார்கள்.

பிறகு மாடியில் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய்க்கு உள்ளே, ஓரடி ஆழத்தில், துணிப்பந்தை இறுக்கி அடையுங்கள். துணி முனையில் கயிறு கட்டி வெளியே விட மறக்காதீர்கள். பிறகு எடுக்க வேண்டும். வாயைச் சுற்றி ஓரடி தள்ளிக் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டி, ஒரு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். பக்கத்திலேயே ஒரு தட்டில் அதே அளவு தண்ணீர் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டையும் பாருங்கள். வெயில் குடித்தது தட்டில் தெரியும். அதைவிட வரப்புக்குள் கூடுதலாகக் குறைந்திருந்தால், அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் போயிருக்கலாம். கீழே பென்சில் கோட்டைத் தாண்டிக் கறை வந்திருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் முடிந்தது.

அங்கே இல்லையென்றால் அடுத்த இடம்: தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை. அடுத்தது தண்ணீர்த் தொட்டியின் கால்கள். கடைசியில்தான் நடுத்தளம். ஒரே நாளில் எல்லா இடத்தையும் நனைத்தால் எது குற்றவாளி என்று தெரியாது. ஒன்று காய்ந்த பிறகு மற்றொன்று.

இதிலே ஒரு எச்சரிக்கை. சிலர் எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு மாடி முழுக்க இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்திப் பார்க்கச் சொல்வார்கள். 1,000 சதுர அடி மாடியில் இரண்டு அங்குலத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய நாலேமுக்கால் டன் எடை. புதுத் தளம் தாங்கும். மரக்கட்டை மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும், அடியில் கம்பி தெரியும் அளவுக்குக் காங்கிரீட் பெயர்ந்த வீடுகளிலும் இதைச் செய்யவே கூடாது. சின்ன வரப்பு போதும்.

வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் எளிது. பத்தடிக்கு இரண்டு அங்குலம் இறக்கம் இருந்தால் தண்ணீர் தங்காது. மழை விட்ட அரைமணி நேரத்தில் ஏறிப் பாருங்கள். தேங்கி நிற்கும் இடங்களில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போடுங்கள். நாணயம் முழுதாக முங்கினால் அந்தப் பள்ளத்தை நிரப்பியாக வேண்டும். முங்காவிட்டால் வெயில் பார்த்துக்கொள்ளும்.

குழாய் வாயைச் சரிசெய்வதற்கு வருகிறேன். சுற்றிலும் அரையடிக்குத் தட்டோட்டை உடைத்தெடுத்து, காங்கிரீட் தெரியும் வரை சுத்தம் செய்து, புதுக் குழாய் வைக்கிறோம். வைப்பதற்கு முன் தாத்தா செய்ததை நான் எந்தப் பிளம்பரிடமும் அதற்கு முன் பார்த்ததில்லை. குழாயின் வெளிப்பக்கம், காங்கிரீட்டுக்குள் புதையும் பகுதியில், பி.வி.சி. ஒட்டும் சொல்யூஷனைத் தடவி, அது காயும் முன் சலித்த உலர்ந்த மணலில் உருட்டினார். தோசைக்கல்லில் ரவை ஒட்டுகிற மாதிரி மணல் ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் காயவிட்டார். இனிமேல் சிமெண்டுக்குப் பிடிக்க ஒரு சொரசொரப்பு இருக்கிறது. கடையில் கிடைக்கும் நீர்த்தடுப்புத் திரவம் கலந்த கலவையை அதைச் சுற்றிக் குத்தி அடைத்து, தரையும் சுவரும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் பாட்டில் வளைவுக்கு உருட்டிப் பூசி, ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்தோம். காய்ந்தபின் இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலைத்துணியை அதில் அழுத்திப் பதித்தோம். முதல் கோட்டைக் கிழக்கு மேற்காக இழுத்தால் இரண்டாவதைத் தெற்கு வடக்காக இழுக்க வேண்டும். மொத்தச் செலவு, நான் முந்தைய வருஷம் மாடி முழுக்க அடித்த பூச்சின் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

இந்த வேலையை ஐப்பசியில் யோசிக்காதீர்கள். பங்குனி, சித்திரையில் தளம் காய்ந்து கிடக்கும்போது, காலை வெயில் ஏறும் முன் செய்யுங்கள். முதல் மழை விழுந்த பிறகு ஊரில் உள்ள எல்லாக் கொத்தனாரும் யாராவது ஒருவர் மாடியில்தான் இருப்பார்கள்.

ஆச்சியிடம் கேட்க வேண்டியவை

மேஸ்திரி இல்லாத தெரு உண்டு. ஆச்சி இல்லாத தெரு கிடையாது. அவருக்குச் சிமெண்ட் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். தெரு எப்படி இருந்தது என்று தெரியும்.

எங்கள் வீட்டு முன்சுவரில் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருஷமும் சுரண்டிப் பட்டி பார்த்து அடிப்போம். ஆறு மாதத்தில் திரும்ப வரும். ஆச்சி வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “அஞ்சு படி ஏறிப் போவோம்யா இந்த வீட்டுக்கு. இப்ப எத்தனை இருக்கு?” எண்ணினேன். இரண்டு.

பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்திருக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள மண்ணும் அதோடு உயர்ந்திருக்கிறது. கட்டும்போது அடித்தளத்துக்கு மேலே, ஈரம் ஏறாமல் தடுக்கப் போட்ட காங்கிரீட் பட்டை இப்போது தரைமட்டத்துக்குக் கீழே போய்விட்டது. ஈரம் அதைத் தாண்டிச் சுவருக்குள் ஏறுகிறது. ஏறும் தண்ணீர் காய்ந்துபோக, அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் வெளியே பூக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரே அறிவுறுத்தியிருக்கிறார். உங்கள் தெருவில் ரோடு போட ஆள் வந்தால் அதை நினைவூட்ட வேண்டியது தெருக்காரர்கள் வேலை.

இதற்கு மருந்து சுவரில் இல்லை, சுவருக்கு வெளியே இருக்கிறது. சுவரை ஒட்டிய மண்ணை முடிந்தவரை தோண்டி இறக்கி, தண்ணீர் வெளியே ஓட வாட்டம் கொடுங்கள். தண்ணீர் ஊற்றி வளர்க்கும் பூந்தொட்டிகளைச் சுவரோரத்திலிருந்து நகர்த்துங்கள். உள்ளே பொரிந்த பூச்சை, கறைக்கு மேலும் ஓரடி சேர்த்து, செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடைக்காலம் முழுக்கச் சும்மா விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். வருகிறவர்களெல்லாம் கேட்பார்கள். விடுங்கள். பிறகு ஈரம் மூச்சுவிட இடம் கொடுக்கும் சுண்ணாம்புக் கலவையில் பூசினால் நிற்கும். அங்கே டைல்ஸ் ஒட்டச் சொல்கிறவர் பேச்சைக் கேட்டால், மூன்றடியில் நின்ற ஈரம் வெளியேற வழியில்லாமல் டைல்ஸுக்கு மேலே ஐந்தடியில் எட்டிப் பார்க்கும்.

படி எத்தனை என்பது போல இன்னும் சில கேள்விகள் உண்டு. இந்த மனையில் கிணறு இருந்ததா, எந்த மூலையில், எப்போது மூடினார்கள்? மூடிய கிணற்றின் மண் வருஷக்கணக்கில் அமுங்கும். அதன்மேல் நிற்கும் காம்பவுண்டுச் சுவர் சாய்வாகப் பிளக்கும். பெரிய மழையில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் படிவரை ஏறியது? இங்கே வேம்போ அரசோ நின்றதா? யார் எப்போது வீட்டை நீட்டிக் கட்டினார்கள்? பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் விழும் நேர்க்கோட்டு விரிசலுக்குப் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலைத்தான் கவனிக்க வேண்டும். அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டில் ஒட்டி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அப்போது ஆச்சியும் வேண்டாம் தாத்தாவும் வேண்டாம், கட்டட இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

போய்க் கேட்கும் விதமும் முக்கியம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், அவர்கள் வாசலில் உட்காரும் நேரத்தில் போங்கள். “ஒழுகுது, என்ன செய்ய?” என்று தொடங்காமல், “இந்த வீடு கட்டும்போது பாத்தீங்களா?” என்று தொடங்குங்கள். பேச்சு நீளும், கல்யாணம், காது குத்து எல்லாம் வரும், நடுவில் உங்களுக்கு வேண்டியதும் வரும். எழுபது தாண்டியவரை ஏணியில் ஏற்றாதீர்கள். செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் போதும். எங்கள் தாத்தா கேட்காமல் ஏறிவிட்டார். கீழே இறங்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

கேட்டுவிட்டுச் செய்யக் கூடாதவை

பெரியவர்கள் சொல்வதில் சில, அவர்கள் காலத்துச் சாமானுக்குப் பொருந்தியவை. சாமான் மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை.

கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுக் கலவை குழைத்தால் இரும்பாக இறுகும் என்பார்கள். சுண்ணாம்புக்கு அது உண்மை. பழைய மாடிகளின் தளமெல்லாம் அப்படிப் போட்டு நாள்கணக்கில் தட்டி இறுக்கியவைதான். சிமெண்டில் கருப்பட்டியோ வெல்லமோ விட்டால் நேர் எதிராக நடக்கும். சர்க்கரைச் சத்து சிமெண்ட் இறுகுவதைத் தடுக்கும். அடுத்த நாள் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். சுண்ணாம்பு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கீறலில் சிமெண்ட் பால் ஊற்றுவது நானே செய்த தவறு. காங்கிரீட் வெயிலில் நீளும். 30 அடி நீளமுள்ள தளம் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நீளும், இரவில் திரும்பச் சுருங்கும். தினம் அசையும் கீறலுக்குள் கல்லாக இறுகும் பொருளை ஊற்றினால் அது பக்கத்தில் விட்டுக்கொள்ளும். கீறலை ஆங்கில ‘வி’ வடிவத்தில் லேசாகக் கொத்தித் தூசி தட்டி, ரப்பர் மாதிரி இழுபடும் சீலண்டால் அடைக்க வேண்டும்.

அடிக்கடி ஃப்யூஸ் போகிறதென்று தடித்த கம்பி கட்டச் சொல்வதைக் கேட்கவே கேட்காதீர்கள். ஃப்யூஸ் போவது உங்களைக் காப்பாற்ற. கம்பி தடித்தால் ஃப்யூஸுக்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் வயர் எரியும். பழைய வீடானால் கரண்ட் கசிந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றைப் போட்டு, மாதம் ஒரு தடவை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அழுத்தியவுடன் கரண்ட் நின்றால் அது வேலை செய்கிறது.

தளத்தின் அடியில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால், “மேல பூசிவிடு” என்பார்கள். கம்பியில் பிடிக்கும் துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு உப்பும். அந்த உப்பல்தான் காங்கிரீட்டைத் தள்ளியது. மேலே பூசினால் புதுப்பூச்சையும் தள்ளி, ஒருநாள் தூங்குகிறவர் மேல் போடும். கம்பைக் கொண்டு சுற்றிலும் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசை வந்தால் நல்ல இடம். டொப்பென்று கேட்டால் உள்ளே விட்டுப்போன இடம். டொப் சத்தம் விரிந்துகொண்டே போனால் அந்த அறையில் படுக்காதீர்கள்.

கதவு

மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகும்போது தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லத்தான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆச்சி வீட்டுப் பரணில் அவர் வீட்டுக்காரர் வைத்திருந்த இழைப்புளி இருந்தது. இரவல் கேட்கப் போனேன். கொடுக்கவில்லை.

“மழையில இழைச்சீயன்னா வெயில்ல பூனை நொழையும். தை வரட்டும், தாரேன்.”

அதுவரைக்கு ஒரு மெழுகுவர்த்தித் துண்டு கொடுத்தார். கதவு உரசும் விளிம்பில் அழுத்தித் தேய்த்தேன்; ஓரளவு வழுக்கியது. பிறகு ஒரு கண்ணாடியை எடுத்துக் கதவின் மேல் விளிம்பையும், தரையில் வைத்து அடி விளிம்பையும் பார்த்தேன். இரண்டிலும் பெயிண்ட் பட்டதே இல்லை, வெறும் மரம். முகப்பில் மூன்று கோட் அடிக்கும் பெயிண்டர் கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டு விளிம்பையும் விட்டுவிடுவார். ஈரத்தை மரம் குடிப்பது அங்கேதான்.

தை பிறந்து பத்து நாளில் கதவு தானாகவே சாத்திக்கொண்டது. மேல் மூலையில் மட்டும் கொஞ்சம் பிடித்தது. நிலையில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு இரண்டு தடவை திறந்து மூடினேன். கதவில் வெள்ளை ஒட்டிய இடம் ஒரு சாண் நீளம்கூட இல்லை. அந்த இடத்தை மட்டும் நாலு இழைப்பு இழைத்து, அன்றைக்கே மேலும் கீழும் இரண்டு கோட் பிரைமர் அடித்து, இழைப்புளியைத் தேங்காய் எண்ணெய் தடவி ஆச்சியிடம் கொடுத்தேன். வாங்கி அலகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பரணில் வைத்தார்.